பிளேட்டோ கிளம்பும் முன், தமிழ்ச் செய்தி அறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகள், நாளிதழ்கள், இணையதளங்கள், யூடியூப் சேனல்களில் அறிவியல் செய்திகளைத் தேர்ந்தெடுத்து வெளியிடும் ஆசிரியர்களுக்கு,

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடப் போகும் ஐரோப்பாவின் பிளேட்டோ விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றி ஒரு சேனலில் வந்த நிகழ்ச்சியை என் மாணவன் ஒருவன் சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். முகப்புப் படத்தில் பச்சைப்பசேலென்று ஒரு கோள், அதில் வளைந்தோடும் ஆறு, மூலையில் ஒரு பறக்கும் தட்டு. குறுக்கே மஞ்சள் எழுத்தில் "மனிதன் குடியேறப் போகும் இரண்டாவது பூமி கண்டுபிடிப்பு?" கடைசியில் இருக்கும் கேள்விக்குறி போதும், யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைத்திருப்பார்கள் போலும். முழுதாகப் பார்த்தேன். அந்தத் தொலைநோக்கி எதை அளக்கப் போகிறது என்று ஒரு வரி இல்லை. அது இன்னும் ஏவப்படவே இல்லை, தரையில்தான் இருக்கிறது என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை.

சேனலின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு சேனல் மட்டும் இப்படிச் செய்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். மேகம் விட்டுக்கொடுக்கும் சனிக்கிழமை இரவுகளில் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து ஊர்க்காரர்களுக்கு வானம் காட்டுகிறோம். நீங்கள் இரவு எட்டு மணிக்குப் போடுவது மறுநாள் காலை என் வகுப்பில் வந்து நிற்கிறது. 2025 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது. "சார், கே2-18பி-ல உயிர் இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டாங்களாம்ல?" என்று கேட்டுக்கொண்டே பத்தாம் வகுப்பு உள்ளே வந்தது. சிம்ம ராசிப் பக்கம் 124 ஒளியாண்டு தொலைவில், ஒரு செங்குறு நட்சத்திரத்தை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் கோள் அது. நிறை பூமியைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவில் டைமெத்தில் சல்ஃபைடின் தடயம் தெரிகிறது என்று கட்டுரை வெளியிட்டது. பூமியில் பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு அது. மூன்று சிக்மா அளவுக்கு உறுதி என்றார்கள். தற்செயலாக இப்படித் தெரிவதற்கு ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். ஒரு கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலில் வழக்கமாகக் கேட்பது ஐந்து சிக்மா. இன்னும் அதிக நேரம் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழுவே சொன்னது.

அதே தரவை வேறு குழுக்கள் எடுத்து அலசின. அந்த வாயு இருப்பதற்குப் புள்ளியியல் ரீதியாகத் தக்க ஆதாரம் இல்லை என்று அடுத்தடுத்த வாரங்களில் கட்டுரைகள் வந்தன. உங்களில் எத்தனை பேர் அதைப் போட்டீர்கள்? நான் தேடிய வரையில் ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி கிடைத்தது. பறக்கும் தட்டு படத்தோடு வந்த வீடியோக்கள் எல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. மாணவர்களும் புதிது புதிதாக அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 2015 ஜூலையில் கெப்ளர்-452பி அறிவிக்கப்பட்டபோது "பூமியின் அண்ணன்" என்றெல்லாம் தலைப்பு வந்தது நினைவிருக்கும். சூரியனைப் போன்ற நட்சத்திரம், 385 நாள் ஆண்டு, பூமியைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான அளவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோளின் நிறையை யாரும் அளக்கவில்லை. நிறை தெரியாமல் அது பாறையா, வாயு மூட்டமா என்று சொல்ல முடியாது. 2018-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், அதைக் கண்ட நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் சொந்த இரைச்சலைக் கணக்கில் எடுத்தால் அப்படி ஒரு கோள் இருப்பதையே 99 சதவீத உறுதியோடு சொல்ல முடியாது என்றது. அண்ணனைத் தலைப்புச் செய்தியாக்கியவர்கள் யாரும் அதற்கப்புறம் அவரைப் பற்றி விசாரிக்கவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய பாடமாகத் தெரிவது கிளீஸ் 581. துலாம் பக்கம், 20 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் சின்ன நட்சத்திரம். 2010-இல் அதைச் சுற்றி உயிர் வாழத் தோதான இடத்தில் ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். அங்கே உயிர் இருக்க நூறு சதவீத வாய்ப்பு என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவரே பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். 2014-இல் சயன்ஸ் இதழில் வேறொரு குழு கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தது. அந்த நட்சத்திரம் சுமார் 130 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அதன் பரப்பில் இருக்கும் காந்தப் புள்ளிகள் சுழலும்போது எழுந்த அதிர்வைத்தான், 66 நாளில் சுற்றிவரும் இன்னொரு கோள் என்று முன்பே நினைத்திருக்கிறார்கள். அந்தக் கோளும் போயிற்று, அதையொட்டிக் கணக்கிட்ட "நூறு சதவீத" கோளும் போயிற்று. அந்த இரண்டையும் கோள் என்று நினைக்க வைத்தது நட்சத்திரத்தின் வேலை.

நான் உங்களிடம் சொல்ல வருவது இதைத்தான். புறக்கோள், அதாவது வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் பற்றிய ஆய்வில் பெரும்பாலும் யாரும் கோளைப் பார்ப்பதில்லை, நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறார்கள். கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி கொஞ்சம் குறைகிறது. பூமியளவுள்ள கோள் சூரியனைப் போன்ற நட்சத்திரத்தைக் கடந்தால் குறையும் ஒளி, பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தக் குறைவு சொல்வதெல்லாம், நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் கோள் எவ்வளவு பெரிது என்பதை மட்டுமே. நட்சத்திரத்தின் ஆரத்தில் 10 சதவீதம் பிசகினால் கோளின் ஆரத்திலும் அதே பிசகு வரும். கன அளவு என்று போனால் பிசகு 30 சதவீதத்தைத் தாண்டிவிடும். பாறைக் கோள் என்று எழுதியது வாயுப் போர்வை போர்த்திய கோளாக மாறிவிட அது போதும்.

கற்பனையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கெப்ளர் கண்டுபிடித்தவற்றில் பூமியளவுக்குக் கிட்ட, வாழத்தக்க வெப்பநிலைப் பகுதியில் இருப்பவை சுமார் 30 என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஐரோப்பாவின் கையா விண்கலம் அந்த நட்சத்திரங்களின் தொலைவைத் துல்லியமாக அளந்தபோது, பல நட்சத்திரங்கள் நினைத்ததைவிடப் பெரியவை, பிரகாசமானவை என்று தெரிந்தது. அப்படியானால் கோள்களும் பெரியவை, சூடானவை. 30 என்ற எண்ணிக்கை 2-இலிருந்து 12-க்குள் எங்கோ இருக்கலாம் என்று 2018 அக்டோபரில் நாசா அதிகாரிகளே சொன்னார்கள். கெப்ளரின் அந்தத் தரவில் எதுவும் மாறவில்லை. மாறியது நட்சத்திரங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது மட்டும்.

பிளேட்டோ உருவானதே இந்த ஓட்டையை அடைக்கத்தான். ஐரோப்பிய விண்வெளி முகமை 2014-இல் தேர்ந்தெடுத்து, 2017-இல் கட்ட ஒப்புதல் தந்த திட்டம். கெப்ளரில் இருந்தது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விட்டமுள்ள ஒரே பெரிய தொலைநோக்கி. அது மங்கலான, தொலைதூர நட்சத்திரங்களைப் பார்த்தது. கோளின் அறிகுறியைக் கண்டாலும் நிறையை அளக்கத் தரையிலுள்ள கருவிகளுக்கு வெளிச்சம் போதவில்லை. பிளேட்டோவில் 26 கேமராக்கள், ஒவ்வொன்றின் வாயும் 12 சென்டிமீட்டர்தான். 24 கேமராக்கள் 25 நொடிக்கு ஒரு படமும், மற்ற இரண்டும் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களுக்காக 2.5 நொடிக்கு ஒரு படமும் எடுக்கும். வானத்தின் பெரிய பரப்பை ஒரே நேரத்தில் பார்த்து, கிட்டத்தில் உள்ள வெளிச்சமான நட்சத்திரங்களைப் பிடிப்பதுதான் நோக்கம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனுக்கு எதிர்ப்புறமுள்ள, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரத் தோதான எல்2 புள்ளியில் நிற்கும்.

அங்கே நின்று அது செய்யப் போகும் முதல் வேலை நட்சத்திரத்தின் நடுக்கத்தைக் கேட்பது. சூரியனுக்குள் ஒலி அலைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் அதன் பரப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஏறி இறங்குகிறது, பிரகாசமும் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஏறி இறங்குகிறது. சந்தையில் பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, உள்ளே எப்படி இருக்கிறது என்பதை ஓசை சொல்லிவிடும். நட்சத்திரத்தின் அதிர்வெண்ணிலிருந்து அதன் ஆரமும் நிறையும் கிடைக்கின்றன. அதைவிட அருமையானது வயது. மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் சேரச் சேர, அங்கே ஒலி போகும் வேகம் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்து அந்த நட்சத்திரம் எத்தனை கோடி ஆண்டுகளாக எரிகிறது என்று கணக்கிடலாம். சூரியனைப் போன்ற வெளிச்சமான நட்சத்திரங்களில் கோளின் ஆரத்தை 3 சதவீதத்துக்குள், தரைத் தொலைநோக்கிகளின் துணையோடு நிறையை 10 சதவீதத்துக்குள், வயதை 10 சதவீதத்துக்குள் சொல்ல வேண்டும். பிளேட்டோ குழு தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு இது.

வயது எதற்கு என்று உங்கள் பார்வையாளர் கேட்பார், கேட்கட்டும். பூமிக்கு வயது 450 கோடி ஆண்டுக்கும் மேல். அதன் காற்றில் ஆக்சிஜன் குறிப்பிடும்படி சேர ஆரம்பித்தது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆயுளில் பாதிக்கு நெருக்கமான காலம், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஆக்சிஜன் இல்லாத ஓர் உலகமாகத்தான் அது தெரிந்திருக்கும். அப்படியென்றால் ஒரு கோளின் காற்றைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் முன் அதன் வயதைக் கேட்க வேண்டாமா? இதை அரை மணி நேரம் பேசலாம். பறக்கும் தட்டைவிடச் சுவாரசியமாகவே பேசலாம்.

உங்களுக்கு இப்போதே ஒரு நாட்காட்டி கணக்கும் தந்துவிடுகிறேன். பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 6 ராக்கெட்டில் 2026 இறுதியிலோ 2027 தொடக்கத்திலோ ஏவத் திட்டம். ஆண்டுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தைச் சுற்றும் கோள், அதன் முன்னே ஆண்டுக்கு ஒருமுறைதான் கடக்கும். மூன்று கடப்புகளைப் பார்க்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அப்புறம் தரையிலிருந்து நிறையை அளக்க வேண்டும். பூமி தன் ஈர்ப்பால் சூரியனை ஆட்டும் வேகம் நொடிக்கு 9 சென்டிமீட்டர். பல ஒளியாண்டு தள்ளி நின்று அந்த ஆட்டத்தைப் பிடிப்பது இன்றைய கருவிகளின் எல்லையில் இருக்கிறது. ஆகவே சூரியனைப் போன்ற நட்சத்திரத்தில், பூமியைப் போன்ற ஆண்டு கொண்ட கோளை பிளேட்டோ உறுதி செய்தது என்ற செய்தி 2029-க்கு முன் வர வழியே இல்லை. 2027 கோடையில் யாராவது உங்கள் மேசைக்கு அப்படி ஒரு செய்தியைக் கொண்டுவந்தால், அதை எங்கே போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

"இதெல்லாம் போட்டால் வியூஸ் வராது சார்" என்று ஒரு தொலைக்காட்சி நிருபர் என்னிடமே சொல்லியிருக்கிறார். நம்ப மாட்டேன். 2023 செப்டம்பரில் ஆதித்யா-எல்1 கிளம்பியபோது எல்1 புள்ளி என்றால் என்ன, அங்கே ஏன் ஒரு கலத்தை நிறுத்த வேண்டும் என்று வரைபடம் போட்டு விளக்கியது நீங்கள்தான். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதற்காக உட்கார்ந்தவர்கள், லக்ராஞ்சுப் புள்ளியைப் புரிந்துகொண்டு எழுந்தார்கள். அடுத்த வாரம் என் மைதானத்தில் தொலைநோக்கிக்கு வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "அந்த ஆதித்யா இப்ப எந்தப் பக்கம் இருக்கு தம்பி?" என்று கேட்டார். உங்களால் முடியாதது இல்லை, செய்வதில்லை என்பதுதான் என் குறை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சேனல் என்னிடம் புறக்கோள் பற்றிப் பேட்டி எடுத்தது. பள்ளி ஆய்வகத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசினேன். "இந்தக் கோள் இன்னும் உறுதியாகாத வேட்பாளர் நிலையில்தான் இருக்கிறது, சில நேரம் இப்படிப்பட்டவை இரட்டை நட்சத்திரமாகவோ நட்சத்திரப் புள்ளியாகவோ முடிந்துவிடும், ஆனால் உறுதியானால் பெரிய விஷயம்" என்றேன். ஒளிபரப்பில் வந்தது "பெரிய விஷயம்" மட்டும். பின்னணியில் திகில் படத்து இசை. மறுநாள் சக ஆசிரியர்கள் கைகொடுத்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஒரு கோளைப் பற்றிச் செய்தி போடும்போது அது எந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிறது, அந்த நட்சத்திரம் எப்படிப்பட்டது, எவ்வளவு தொலைவு என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை என்று ஒரு வாக்கியம் வேண்டும். "ஆரம் தெரியும், நிறை தெரியாது" என்பது முழுமையான, சுவையான செய்தி. அளந்த எண்ணோடு அதன் பிழை எல்லையையும் சேர்த்துப் போடுங்கள். தேர்தல் கருத்துக்கணிப்புக்குப் போடுகிறீர்கள் அல்லவா, கோளுக்கும் போடலாம்.

வேட்பாளர் கோளையும் உறுதியான கோளையும் ஒன்றாக்காதீர்கள். ஆறும் மலையுமாக வரும் படங்கள் ஓவியர் வரைந்தவை என்பதைப் படத்தின் மேலேயே தமிழில் எழுதுங்கள். அந்தக் கோள்களின் நிலப்பரப்பை இதுவரை யாரும் படம் பிடித்ததில்லை.

கட்டுரை எழுதிய குழுவில் இல்லாத ஒருவரிடமாவது பேசிவிட்டுப் போடுங்கள். ஆள் தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் அவர்களுடையதுதான். அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தினர் அபு மலையில் பாரஸ் கருவியை வைத்துப் புறக்கோள்களின் நிறையை அளந்திருக்கிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனின் கரும்புள்ளிகளைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. நட்சத்திரப் புள்ளிகள் எப்படி ஆளை ஏமாற்றும் என்று சொல்ல அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

முதல் செய்தி பொய்த்துப்போனால், முதல் செய்திக்குக் கொடுத்த அதே இடத்தில், அதே அளவில் அதைச் சொல்லுங்கள். பழைய வீடியோவின் தலைப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் அதன் கீழே ஒரு குறிப்பாவது சேருங்கள். கே2-18பி-யிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பிளேட்டோ கிளம்பும் வாரத்தில் அதன் இலக்குகளைப் பற்றி, அந்தச் சொற்களிலேயே, ஒரு நிகழ்ச்சி செய்யுங்கள். நட்சத்திரத்தின் ஆரம், நிறை, வயது, அப்புறம் கோள். அந்தத் தொலைநோக்கி முதலில் நீண்ட நாள் உற்றுப் பார்க்கப் போகும் வானப் பகுதி தெற்கே இருக்கிறது, அகத்திய நட்சத்திரம் அதற்குள்தான் வருகிறது. பிப்ரவரி மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில், தெற்கு அடிவானம் மறைக்காத எந்த ஊரிலிருந்தும் நம் மக்கள் வெறுங்கண்ணால் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். நிகழ்ச்சி முடிவில் எல்லோரையும் மொட்டை மாடிக்கு அனுப்ப இதைவிட நல்ல சாக்கு உங்களுக்குக் கிடைக்காது.

இதற்கெல்லாம் ஆள் இல்லை, நேரம் இல்லை என்றால் எங்களைப் போன்ற ஆசிரியர்களைக் கேளுங்கள். எழுத்தைச் சரிபார்த்துத் தருகிறோம், பணம் வேண்டாம். பேட்டி என்றாலும் வருகிறேன். வெட்டித் தொகுத்ததை ஒளிபரப்புக்கு முன் ஒருமுறை எனக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்